சகுந்தலையின் காலில் தைத்த முள் யாருடையது?

ரவி வர்மாவின் சகுந்தலை ஓவியத்தோடு கவிதைகள் பகிரும்போது, "சகுந்தலை காலில் முள் எடுப்பதுபோல் துஷ்யந்த மன்னனைத் திரும்பிப் பார்ப்பது ஓவியரின் கற்பனை, காளிதாசனில் இல்லை" என்றும் சேர்த்து அனுப்புகிறார்கள். தவறு.

காளிதாசனின் சாகுந்தல நாடகத்தின் முதல் அங்கம் முடியும்போதே, காலில் தர்ப்பை குத்திவிட்டது, மரவுரி கிளையில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிச் சகுந்தலை தாமதிக்கிறாள். இரண்டாம் அங்கத்தில் துஷ்யந்தன் தன் வேடிக்கைத் தோழனான விதூஷகனிடம் அதையே சுலோகமாகச் சொல்கிறான்: சில அடி நடந்தவள் காரணமே இல்லாமல் நின்றாள், மாட்டாத மரவுரியை விடுவிப்பதுபோல் முகம் திருப்பி நின்றாள் என்று. அந்தப் பாசாங்கு முழுக்கக் காளிதாசனுடையது, என்ன அழகான பாசாங்கு! தோழியின் தோளைப் பிடித்தபடி ஒரு காலைத் தூக்கி நிற்கும் அந்த உடல்வாகுதான் 1906-ல் மறைந்த ரவி வர்மா கொடுத்தது, அதற்கான பெருமை அவருக்குத் தாராளமாக உண்டு.

அப்புறம், ஓவியத்தைப் பார்த்துக் கவிதை சொல்வதும் புதுசு இல்லை. ஆறாம் அங்கத்தில், தான் தீட்டிய சகுந்தலை படத்தைப் பார்த்தே துஷ்யந்தன் சுலோகங்கள் சொல்கிறான். படத்திலுள்ள வண்டை நிஜமென்று நினைத்து மிரட்டுகிறான், இது சித்திரம் என்று விதூஷகன்தான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.