மார்ச் 31-ஓடு பனிக்காலம் முடிந்துவிட்டதாம்

"சீசன் முடிந்துவிட்டது, ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்" என்று பனி தள்ளும் ஒப்பந்தக்காரர் தொலைபேசியில் சொன்ன நேரத்தில், பழைய பனியும் புதிய பனியும் சேர்ந்து என் வீட்டு முன்ஜன்னலின் கீழ்ச்சட்டம் வரை ஏறி நின்றது. தேதி ஏப்ரல் 8. முந்தைய இரவு மட்டும் விழுந்தது 14 அங்குலம். டிரைவ்வேயில், அதாவது வீட்டிலிருந்து தெரு வரை கார் போகும் வழியில், விழும் பனியைத் தள்ளிக் கொடுப்பதற்கென்று அக்டோபரிலேயே என்னிடம் 450 டாலரை முன்பணமாக வாங்கிக்கொண்டவர் அவர். அந்தத் தாளின் பின்பக்கத்தில், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில், சேவை மார்ச் 31-ஓடு நிறைவடையும் என்று ஒரு வரி இருக்கிறது. படிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு என்று யாரும் தயவுசெய்து எழுத வேண்டாம். இந்த ஊரில் பனி தள்ளிப் பிழைக்கும் ஒருவர், பனிக்காலம் மார்ச் 31-இல் முடியும் என்று எழுதியிருப்பார் என எவன் எதிர்பார்ப்பான்?

இது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் மேல் தீபகற்பம். அதிலும் சுப்பீரியர் ஏரிக்குள் விரலை நீட்டியதுபோல் கிடக்கும் கீவினாவ் நிலத்தில் அமைந்த ஹோட்டன் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). இங்கே ஒரு குளிர்காலத்தில் 200 அங்குலப் பனி விழுவது செய்தியே அல்ல. கனடாப் பக்கமிருந்து வரும் வறண்ட குளிர்காற்று, இன்னும் உறையாத ஏரியின் மேல் நூறு மைலுக்கும் அதிகமாகப் பயணம் செய்து, நீராவியையும் வெப்பத்தையும் வாரிக்கொண்டு, தீபகற்பத்தின் முதுகெலும்பாக நீளும் மேட்டில் ஏறும்போது அத்தனையையும் எங்கள் தலையில் கொட்டிவிடுகிறது. பக்கத்துக் கீவினாவ் கவுண்டியில், யு.எஸ். 41 நெடுஞ்சாலையோரம், விழுந்த பனியின் அளவைக் காட்டுவதற்கென்றே ஒரு நெட்டைப் பலகையை நட்டு வைத்திருக்கிறார்கள். 1978-79 குளிர்காலத்தில் விழுந்த 390.4 அங்குலம் அதன் உச்சியில் குறிக்கப்பட்டிருக்கிறது. அதாவது முப்பத்திரண்டரை அடி. தெருமுனையில் குவிந்த பனிச்சுவருக்கு மேலே தெரிய வேண்டும் என்பதற்காகக் கார்களின் ஆன்டெனாவில் ஆரஞ்சு நிறக் கொடி கட்டி ஓட்டும் ஊர் இது. அக்டோபரில் முதல் பனியையும் மே மாதத்தில் கடைசிப் பனியையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நடுவில்தான் அந்த மனிதரும் வளர்ந்தார்.

அன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தரை மணிக்கு விழித்தேன். வழக்கமாக அந்த நேரத்துக்கு அவருடைய லாரி பின்னோக்கி வரும்போது எழுப்பும் பீப் சத்தம் கேட்கும். கேட்கவில்லை. பெரிய பனி, முதலில் வேறு தெருக்களுக்குப் போயிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு காப்பி போட்டேன். ஆறு மணி ஆயிற்று, ஆறேகாலும் ஆயிற்று. ஆறரைக்குச் சாலையைத் துப்புரவு செய்யும் பெரிய வண்டி வந்தது. அது சாலையை வழித்துக்கொண்டு போகும்போது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பனியை வரப்பு போலக் குவித்துவிட்டுத்தான் போகும். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வேலையை வேறு விதமாகச் செய்ய முடியாது. ஏழு மணிக்கு ஒப்பந்தக்காரரை அழைத்தேன், எடுக்கவில்லை. ஏழேகாலுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. எட்டு மணிக்கு எடுத்தார். எடுத்தவுடன் சொன்ன வாக்கியத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். அதோடு விட்டாரா? "வேண்டுமானால் இன்றைக்கு மட்டும் 90 டாலர் கொடுங்கள், மதியத்துக்கு மேல் வந்து பார்க்கிறேன்" என்றார். மதியத்துக்கு மேல்! பார்க்கிறாராம்!

தொலைபேசியை வைத்துவிட்டு ஸ்கூப்பை, அதாவது பனியை வாரித் தள்ளும் அகலமான கைச்சட்டியை, எடுத்தேன். ஜனவரிப் பனி என்றால் பரவாயில்லை. ஏரி கொட்டும் அந்தப் பனி மாவு மாதிரி இருக்கும். ஸ்கூப்பை முன்னால் தள்ளினால் தானாக ஏறிக்கொள்ளும். ஏப்ரல் பனியின் சங்கதியே வேறு. தெற்கிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் புயல், உறைநிலையான 32 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி நின்று கொட்டும் சொதசொதப்பான பனி அது. ஒரு கன அடி 12 பவுண்டு என்று குறைத்துக் கணக்குப் போட்டால்கூட, நாற்பதடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் உள்ள என் டிரைவ்வேயில் கிடந்தது மூன்று டன். வாசல் வரப்பு இந்தக் கணக்கில் சேராது. அந்த வரப்பைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்: அது பனியே அல்ல. தலையணை அளவில் சாம்பல் நீலக் கட்டிகள். இடையிடையே சாலையில் தூவிய மணலும் சரளையும். ஸ்கூப்பின் விளிம்பு அந்தச் சரளையில் முட்டும்போது கைப்பிடி நெஞ்சில் வந்து இடிக்கும். தள்ளி எதிர்ப்பக்கம் போடலாம் என்றால் அதுவும் கூடாது. பனியைப் பொதுச்சாலையில் தள்ளுவதும் சாலையைக் கடந்து தள்ளுவதும் மிச்சிகன் சட்டப்படி விதிமீறல். ஆகவே ஒவ்வொரு கட்டியையும், ஏற்கெனவே மார்பளவு நிற்கும் பக்கவாட்டுக் குவியலின் மேல் ஏற்றியாக வேண்டும். பதினொரு மணிக்கு முடித்தேன். கையுறையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது.

என் மூன்று மணி நேரத்தை மறந்துவிடலாம். எதிர்வீட்டில் எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். அவரும் அதே ஒப்பந்தக்காரரிடம் அதே அக்டோபரில் அதே 450 டாலரைக் கொடுத்தவர்தான். பத்தரை மணி வாக்கில் நிமிர்ந்து பார்த்தால், அவர் வாசற்படியில் நின்று சமையலறைத் துடைப்பத்தால் பனியைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார். முட்டி வரை புதைந்த பனியை, துடைப்பத்தால். மறுநாள் கண் மருத்துவரைப் பார்க்கப் போக வேண்டுமாம். காரை எப்படியாவது வெளியே எடுத்தாக வேண்டுமாம். ஈரப்பனியை வாரும்போது மாரடைப்பு வருவது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. அது அந்த மனிதருக்குத் தெரியாதா? அவருக்கும் ஒரு தாய் இருப்பார் அல்லவா? "ஒப்பந்தத்தைப் பாருங்கள்" என்று அந்த அம்மாளிடமும் சொல்லியிருக்கிறார். இதை எழுதும்போதுகூட எனக்கு ரத்தம் கொதிக்கிறது. பாட்டியின் டிரைவ்வேயில் ஒரு கார் நுழையும் அகலத்துக்கு நானும் பக்கத்து வீட்டு மாணவர்கள் இருவரும் சேர்ந்து வழி வெட்டிக் கொடுத்தபோது மணி இரண்டு.

நியாயமாக ஒன்று கேட்கிறேன். டிசம்பரில் பனி குறைவாக விழுந்த வாரங்களில், "இந்த வாரம் வேலையில்லை, இந்தாருங்கள் பணம்" என்று இவர் திருப்பிக் கொடுத்தாரா? "சீசன் முழுவதற்கும் ஒரே தொகை, கூடினாலும் குறைந்தாலும் அதுதான்" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டோம். அப்படியானால் சீசன் எது என்பதை வானம் முடிவு செய்ய வேண்டுமா, இவருடைய அச்சுத்தாள் முடிவு செய்ய வேண்டுமா?

வரும் ஞாயிற்றுக்கிழமை இன்னும் ஆறு அங்குலம் என்கிறார்கள். ஸ்கூப்பை வாசலிலேயே சாத்தி வைத்திருக்கிறேன். அடுத்த அக்டோபரில் அவர் அந்தத் தாளை நீட்டும்போது, மார்ச் 31 என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு மே 15 என்று நானே எழுதி, அதன் பக்கத்தில் அவரிடம் கையெழுத்துக் கேட்பேன். எதிர்வீட்டுப் பாட்டியின் தாளிலும் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.