எழுத்தைப் படிக்க ஸ்கிரிப்ட் எதற்கு?

சென்ற மாதம் இரவு ரயிலில் வந்துகொண்டிருந்தபோது, ஒரு நிறுவனத்திடம் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவதற்கான விதிகளை அதன் இணையதளத்தில் படிக்க வேண்டியிருந்தது. விதிகள் என்றால் நான்கு பத்தி எழுத்து, அவ்வளவுதான். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. மேலே நிறுவனத்தின் சின்னம் வந்தது, நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது, அடுத்த நிலையம் வரும் வரை சுற்றிக்கொண்டே இருந்தது. அதே சிக்னலில் தமிழ் விக்கிப்பீடியாவின் நீண்ட கட்டுரை ஒன்று, படங்கள் மட்டும் பிந்தி வர, முழுதாகத் திறந்தது.

வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்தேன். அதில் அந்த நான்கு பத்திகள் இல்லை. காலியான ஒரு 'டிவ்' (பக்கத்தில் ஒரு பெட்டி போன்ற இடம்), சில ஸ்கிரிப்ட் கோப்புகளின் (உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களின்) முகவரிகள், 'இந்தச் செயலியை இயக்க ஜாவாஸ்கிரிப்ட் தேவை' என்னும் பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி, இவ்வளவே இருந்தன. அந்த வரியும் அவர்கள் எழுதியதன்று. 'கிரியேட் ரியாக்ட் ஆப்' என்ற கருவியைக் கொண்டு ஒரு தளத்தைத் தொடங்கும்போது தானாகவே வந்து உட்கார்ந்துகொள்வது. அது ரயிலில் என் கண்ணில் படாததற்கும் காரணம் உண்டு. 'நோஸ்கிரிப்ட்' குறிச்சொல்லுக்குள் இருக்கும் வரி, உலாவியில் ஸ்கிரிப்ட் அணைக்கப்பட்டிருந்தால்தான் தோன்றும். ஸ்கிரிப்டை இயக்கியே வைத்திருந்து, கோப்பு பாதி வழியில் நின்றுபோனவருக்கு அந்த அறிவிப்புகூடக் கிடைக்காது.

இந்தப் பேச்சை எடுத்தாலே, 'இந்தக் காலத்தில் யார் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவைக்கிறார்கள்?' என்று கேட்பார்கள். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2013இல் இதை அளந்து பார்த்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகளை எண்ணியதில், ஸ்கிரிப்ட் வேலை செய்யாதவை 1.1 சதவீதம், அதாவது ஏறத்தாழ 93 பேரில் ஒருவர். அவற்றில் ஸ்கிரிப்ட் அணைக்கப்பட்டிருந்தவையோ அதை ஏற்காத உலாவியிலிருந்து வந்தவையோ 0.2 சதவீதம் மட்டுமே. மீதி 0.9 சதவீதத்தினரின் உலாவி ஸ்கிரிப்டை இயக்கக் கூடியதாக இருந்தும் அது இயங்கவில்லை. இணைப்பு அறுந்திருக்கலாம், அலுவலகத் தடுப்புச்சுவர் மறித்திருக்கலாம், உலாவியில் சேர்த்த ஏதோ ஒரு துணைநிரல் கெடுத்திருக்கலாம். 2014 ஜனவரியில் அதே நாட்டில் இணைய இணைப்பு தரும் ஸ்கை நிறுவனத்தின் வடிகட்டி, பல தளங்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஜெகுவெரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகத்தை வழங்கும் முகவரியைத் தீங்கான தளம் என்று தவறாகக் குறித்து மறித்தபோது, அதை நம்பியிருந்த தளங்கள் ஸ்கை வாடிக்கையாளர்களின் வீடுகளில் உடைந்து நின்றன. அவர்களும் எந்த அமைப்பையும் மாற்றியவர்கள் அல்லர்.

வேண்டுமென்றே அணைப்பவர்களையும் கிறுக்கர்கள் என்று தள்ளிவிட முடியாது. இணையத்தில் தம் அடையாளத்தை மறைக்க விரும்புவோர் பயன்படுத்தும் டோர் உலாவியின் மிக உயர்ந்த பாதுகாப்பு நிலை எல்லாத் தளங்களிலும் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிடுகிறது. 2013இல் அந்த உலாவியைப் பயன்படுத்துவோரை அடையாளம் காண நடந்த தாக்குதல் ஜாவாஸ்கிரிப்ட் வழியாகத்தான் வந்தது.

காணொளி உரையாடலும் நகர்த்திப் பார்க்கும் வரைபடமும் ஸ்கிரிப்ட் இல்லாமல் இயங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. படிக்கும் எழுத்தும் நிரப்பும் படிவமும் இயங்கினால் போதும். பிரெண்டன் ஐக் 1995இல் பத்து நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதுவதற்கு முன்பே, இணையப் பக்கங்களின் அடிப்படை மொழியான ஹெச்டிஎம்எல்லில் படிவம் இருந்தது. முதலில் வெறும் ஹெச்டிஎம்எல்லில் வேலை முடியும்படி அமைத்து, அதன்மேல் அழகையும் வேகத்தையும் ஏற்றும் முறைக்கு 2003இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். பிரிட்டன் அரசு தன் சேவைகளை இன்றும் அப்படித்தான் கட்டச் சொல்கிறது.

பெரிய நிறுவனங்கள் எதிர்த் திசையில் போகின்றன. ஜிமெயிலின் எளிய ஹெச்டிஎம்எல் வடிவத்தை 2024இல் நிறுத்திய கூகுள், 2025 ஜனவரி முதல் தேடலுக்கே ஜாவாஸ்கிரிப்ட் கட்டாயம் என்றது. தானியங்கி நிரல்களின் தொல்லை என்பது அது சொன்ன காரணம். அந்தத் தொல்லை உண்மைதான்; ஆனாலும் ஒரு சொல்லை அனுப்பி இணைப்புகளின் பட்டியலைப் பெறும் வேலையையே இப்படிப் பூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதைச் சொல்லும் நானும் இணையதளம் செய்து பிழைப்பவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைக்குச் செய்த ஆர்டர் பக்கத்தில், பொத்தான் போலத் தெரிந்த, ஸ்கிரிப்ட் இருந்தால் மட்டுமே வேலை செய்யும் ஒரு 'டிவ்'வைத்தான் நானும் வைத்திருந்தேன். ரயில் பயணத்துக்குப் பிறகு, யாரும் கேட்காமலே, அதை உண்மையான படிவமாகவும் உண்மையான பொத்தானாகவும் மாற்றினேன். ஒரு மதியம் பிடித்தது. பிறகு ஸ்கிரிப்டை அணைத்துவிட்டு அழுத்திப் பார்த்தேன். திரை ஒரு கணம் வெளுத்தது, பக்கம் முழுதாக மீண்டும் ஏறியது, பார்க்கக் கொஞ்சம் பழைய பாணியாக இருந்தது, மேலே ஆர்டர் எண் வந்திருந்தது.