ரத்த இறகு உடைந்தால் பிடுங்குவது முதல் வேலையல்ல

"இறகு உடைந்து ரத்தம் வந்தால் உடனே இடுக்கியால் பிடுங்கிவிடுங்கள்" என்று பறவை வளர்ப்பவர்களுக்குச் சிலர் சொல்வதுண்டு. பழைய வழக்கம்தான், ஆனால் சரியில்லை. புதிதாக வளரும் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும்; அதைத்தான் ரத்த இறகு என்கிறோம். சிறகின் பெரிய இறகுகளோ வேரில் எலும்போடு பிணைந்திருக்கும். மயக்க மருந்தில்லாமல் இழுத்தால் வலி கடுமையாக இருக்கும். இறகு முளைக்கும் வேர்ப்பை கிழிந்து ரத்தப்போக்கு கூடலாம், அப்புறம் முளைக்கும் இறகு கோணலாகவும் வரலாம். முதலில் பறவையைத் துண்டில் மெதுவாகப் பிடித்து, உடைந்த முனையில் கார்ன்ஃப்ளார் வைத்து, சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்துங்கள். நிற்கவில்லையா, பறவை மருத்துவரிடம் போங்கள். பிடுங்க வேண்டுமா என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று: சிறகு தொங்குகிறதென்று நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். நமக்கு மூச்சுவிட உதவும் உதரவிதானம் என்ற தசைத்திரை பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு.