டன்னுக்கு ஒரு மூக்குத்தி

நண்பர் ஒருவர் வெளிநாட்டுச் சுரங்கக் கம்பெனி ஒன்றின் அறிக்கையை அனுப்பியிருந்தார். "டன்னுக்கு 20 கிராம் தங்கமாம், பங்கு வாங்கலாமா?" எத்தனை மீட்டர் தடிமனுக்கு 20 கிராம் என்று கேட்டேன். இரண்டு மீட்டர், அதுவும் 600 மீட்டர் ஆழத்தில். டன்னுக்கு அரை கிராம், அதாவது சின்ன மூக்குத்தி அளவு தங்கம் என்று எவராவது சொன்னால் இதே நண்பர் சிரிப்பார். எனக்கோ அந்த மூக்குத்திக்காரர்கள் மேல்தான் கண்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிங்கம் கேன்யன் என்ற இடம். அங்குள்ள பாறையில் செம்பு வெறும் 2 சதவீதம். ஆனால் மலை நெடுகிலும் இருக்கிறது, ரயில் பாதை போட்டு மொத்தமாக வாரிவிடலாம் என்று டேனியல் ஜாக்லிங் என்ற இளம் பொறியாளர் 1899இல் கணக்குப் போட்டுக் கொடுத்தார். சுரங்கத் துறைப் பத்திரிகையே இது கட்டுப்படியாகாது என்று தள்ளியது. 1906இல் நீராவி மண்வாரிகள் வேலையைத் தொடங்கின. இன்று அந்த மலை நின்ற இடத்தில் சுமார் 1.2 கிலோமீட்டர் ஆழப் பள்ளம். 1.7 கோடி டன்னுக்கும் மேல் செம்பு வெளியே வந்துவிட்டது. இப்போது வெட்டும் தாதுவில் 1 சதவீதம்கூடச் செம்பு இல்லை, இன்னும் வெட்டுகிறார்கள்.

காரணம், சுரங்கத்திலும் ஒரு கட்-ஆஃப் உண்டு: வெட்டினால் கட்டுப்படியாகும் குறைந்தபட்சத் தரம். பொறியியல் கலந்தாய்வில் இடங்கள் கூடினால் கட்-ஆஃப் இறங்குவதுபோல, உலோக விலை ஏறினால் இங்கும் இறங்கும். நேற்று கழிவு என்று ஒதுக்கிய பாறை இன்று தாதுக் கணக்கில் சேரும். ஒரு கடப்பாறை கூடப் போடாமல் இருப்பு பெருகுகிறது.

கோலார் தங்கவயலில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாமா வீட்டில் காற்றடிக்கும் நாளில் கொடியில் துணி போட அத்தை விடமாட்டார். தங்கம் பிரித்தபின் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டிலிருந்து வரும் தூசி வெள்ளைச் சட்டையில் அப்பிக்கொள்ளும். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டபோது தங்கம் அவுன்ஸ் 270 டாலருக்கும் கீழே கிடந்தது. பத்தே ஆண்டில் 1,900 டாலரைத் தொட்டது. நாங்கள் திட்டித் தீர்த்த அந்த மேட்டில் மிஞ்சியிருப்பது டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவு. ஆனால் அது ஏற்கெனவே வெட்டி, ஏற்றி, அரைத்துப் போட்ட மண். செலவில் பெரும்பங்கை எங்கள் தாத்தாக்கள் காலத்திலேயே முடித்துவிட்டார்கள். 2024இல் கர்நாடக அமைச்சரவை அந்த மேடுகளிலிருந்து தங்கம் எடுக்க ஒப்புதல் தந்தது.

இதில் கத்தியும் இருக்கிறது. அவுன்ஸுக்கு 1,000 டாலர் செலவாகும் சுரங்கத்துக்கு விலை 1,100 என்றால் லாபம் 100. விலை 1,300 ஆனால் லாபம் மூன்று மடங்கு. 900 ஆனால் கைக்காசு போகும். அந்த நேரத்தில் தலைமேல் கடன் இருந்தால் பள்ளம் வங்கிக்காரர் கைக்குப் போய்விடும். கடன் இல்லாத கம்பெனியும் காத்திருக்கும் காலத்தில் எதையாவது தின்றாக வேண்டுமே. புதுப் பங்குகளை விற்றுத் தின்கிறது. மலை அப்படியே இருக்கும், அதில் நம் பங்கு மட்டும் கரையும். ஆகவே தாதுவின் தரத்தைப் பார்ப்பதற்கு முன்பே மொத்தப் பங்குகள் எத்தனை என்று பார்த்துவிடுவேன்.

நண்பர் அனுப்பிய அறிக்கையிலும் தேடினேன். முதல் பக்கத்தில் 20 கிராம் கொட்டை எழுத்தில் இருந்தது. பங்குகளின் எண்ணிக்கை 14ஆம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். ஐந்து ஆண்டில் மூன்று மடங்காகியிருக்கிறது.