பெரிய கம்பி வரட்டும், நம்மைக் கேட்டுவிட்டு வரட்டும்

சோலார் வரட்டும், ஆனால் பெரிய மின்கம்பி நம் பக்கம் வரக் கூடாது என்று நம் கெடா மாநிலத்துப் பீடோங்கில் சிலர் பேசுகிறார்கள். அது நடக்காது. கென்யிர், தெமெங்கோர் நீர்மின் அணைகள் மலைக்குள் இருக்கின்றன. சோலார் பண்ணைகள் குரூண், கோலா கெட்டில் பக்கம். அந்தக் கரண்டைச் சாப்பிடும் ஆலைகளும் தரவு மையங்களும் பினாங்கு, கிள்ளான் பள்ளத்தாக்கு, ஜொகூரில். நடுவில் இருப்பது நம் செம்பனையும் ரப்பரும்தான்.

2050-க்குள் மலேசியாவின் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக வேண்டும் என்பது அரசாங்கம் 2023-இல் அறிவித்த இலக்கு. சோலார் பண்ணையைச் சீக்கிரம் கட்டிவிடலாம். நிலம் அளந்து, கோபுரம் நிறுத்தி, கம்பி இழுக்கத்தான் வருடக்கணக்கில் ஆகும். கம்பி பத்தாவிட்டால் உச்சி வெயிலில் பேனலை நிறுத்தி வைக்க வேண்டியதுதான். இவ்வளவு உயரக் கோபுரம் எதற்கு என்றால், மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் மின்னோட்டம் பாதியாகும், வழியில் சூடாக வீணாவது கால் பங்காகக் குறையும். 275, 500 கிலோவோல்ட் கம்பிகள் அதற்குத்தான். குரூணிலிருந்து தாய்லாந்துக்கு 300 மெகாவாட் இணைப்பு இருக்கிறது. லாவோஸ் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூர் போகத் தொடங்கியது 2022-இல். கம்பி இருந்ததால் முடிந்தது.

சரி, என் ஆதங்கத்துக்கு வருகிறேன். 1990-ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டப்படி நிலத்துக்குள் நுழையுமுன் நோட்டீஸ் தர வேண்டும், பாதிப்புக்கு இழப்பீடு தர வேண்டும். அது நிலக்காரருக்குப் போகும். தோட்டத்தில் நிலக்காரர் கம்பெனி. தலைமுறை தலைமுறையாக ரப்பர் பால் வெட்டியவர்களுக்கும் செம்பனைக் குலை வெட்டியவர்களுக்கும் அதில் என்ன இருக்கிறது? கோயில், சுடுகாடு, பிள்ளைகள் விளையாடும் திடல், இதில் எத்தனை இடத்துக்குக் கிராண்டு (நிலப் பட்டா) இருக்கிறது? என் அம்மா காலத்தில் லயத்து வீடுகளுக்கு இரவில் சில மணி நேரம்தான் எஞ்சின் கரண்ட். நாட்டுக்கான பெரிய கம்பி தோட்டத்துக்கு மேலேயே போனது. அந்த அநியாயம் திரும்பக் கூடாது.

சின்ன நிலக்காரர் பாடும் லேசில்லை. 275 கிலோவோல்ட் கம்பிக்குச் சுமார் 40 மீட்டர் அகலம் வேண்டும், அதற்குள் உயர்ந்து வளரும் மரம் வைக்க முடியாது. சதுரமான நாலு ஏக்கரின் குறுக்கே போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போச்சு. செம்பனை இருபது, இருபத்தைந்து வருடம் காய்க்கும் மரம். ஒரு தடவை கொடுக்கும் பணம் அதற்கு ஈடாகாது. கம்பியில் கரண்ட் ஓடும் வரை வருடா வருடம் நிலக்காரருக்கும் ஊருக்கும் ஒரு பங்கு வர வேண்டும். முடிந்த இடத்தில் பழைய வழித்தடத்திலேயே புதுக் கம்பியையும் சேர்க்கட்டும். பாதை முடிவாகுமுன்னே கூட்டம் போட்டு, தமிழிலும் விளக்கட்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டாம். அளவெடுக்க ஆள் வருமுன் கோயில் கமிட்டியும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் உட்கார்ந்து, நம் இடங்களை வரைபடத்தில் குறித்து, நில அலுவலகத்தில் கடிதமாகக் கொடுத்துவிடலாம். வரைபடம் வாங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தந்தத் தோட்டத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்த பெரியவர்கள் வேண்டும். வர முடிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.