கெல்லிஸ் காசலுக்குப் போகிறவர்கள் கோயிலுக்கும் போங்கள்

பள்ளி விடுமுறை வந்தால் போதும், பினாங்கிலிருந்து ஈப்போ பக்கம் கார்கள் கிளம்பிவிடும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜாவில் பாதியில் நின்றுபோன பழைய மாளிகையான கெல்லிஸ் காசலுக்குப் பலரும் போவார்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பேய்க்கதைதான் வரும். ரகசியச் சுரங்கம், ராத்திரியில் நடமாடும் துரை, மாடியில் காலடிச் சத்தம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. அந்தச் சுவர்களை எழுப்பியவர்கள் நம் ஆட்கள். அவர்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். 1890இல், இருபது வயதில் மலாயா வந்து, ரப்பரில் பெரும் பணம் பார்த்தவர். 1915இல் இந்த மாளிகையைத் தொடங்கியபோது மெட்ராசிலிருந்து எழுபது கைவினைஞர்களை வரவழைத்தார். செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்துதான் வந்தன. 1926இல் அவர் லிஸ்பனில் நிமோனியாவால் இறந்துபோக, வேலை பாதியில் நின்றது. கோபுரத்தில் லிஃப்டுக்காக விட்ட இடம் இன்றும் காலியாகவே இருக்கிறது.

அங்கே போனால் சுவர்ப்பூச்சு பெயர்ந்த ஒரு வளைவின் கீழ் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒவ்வொரு செங்கல்லும் லேசாகச் சாய்ந்து பக்கத்துச் செங்கல்லைத் தாங்கி நிற்கும். ஒரு நூல் பிசகினாலும் வளைவு நிற்காது. நூறு வருட மழைக்கும் வெயிலுக்கும் அசையாத கைவேலை அது. பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் கோயில். முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் உலகத்தையே உலுக்கிய ஸ்பானிஷ் காய்ச்சல் கெல்லி ஸ்மித்தின் ரப்பர் தோட்டத்திலும் புகுந்து பல தொழிலாளிகளைக் கொண்டுபோனது. கொள்ளைநோய் வந்தால் நம் சனம் யாரிடம் ஓடும்? மாரியம்மனிடம்தான். கோயில் கட்டவேண்டும் என்று தொழிலாளிகள் கேட்டார்கள், துரையும் சம்மதித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மாளிகையிலிருந்து காரில் சில நிமிடம்தான். கோயிலின் மேலே சாமி சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒரு துரை நிற்பார். கேட்டதைச் செய்துகொடுத்த மனிதரைச் சாமிகளோடு நிறுத்தி வைத்த மனசு அது. மாளிகைக்கு வரும் கூட்டத்தில் பாதியாவது இதைப் பார்க்காமல் திரும்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

துரையின் பெயர் தெரியும், மனைவி ஆக்னஸ் பெயரும் தெரியும். அந்த எழுபது பேரில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? பினாங்கில் நம் ஜார்ஜ் டவுன் கார்ன்வாலிஸ் கோட்டையும் இப்படித்தான். பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் 1786இல் நிபோங் என்ற பனை வகை மரத்தால் வேலி அடித்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். பிறகு அதைக் கல்லும் செங்கல்லுமாக மாற்ற உழைத்த இந்தியக் கைதிகளைப் பற்றிப் பேச்சே இருக்காது.

பத்து காஜா, கோப்பெங் பக்கம் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தத் தோட்டத்தில் தாத்தா பாட்டி வேலை செய்ததாகச் சொல்லும் பெரியவர்கள் இருந்தால், உட்காரவைத்துப் பேசி, கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பெயர், ஊர், எந்தக் கப்பலில் வந்தார்கள், கிடைக்கிறதையெல்லாம் கேளுங்கள். பழைய படம் இருந்தால் அதையும் எடுத்து இங்கே கீழே போடுங்கள்.