மாகாண சபைக் காவலாளிகளுக்குப் பொலிஸ் அதிகாரம் இல்லை

இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் பொலிஸ் அதிகாரத்தை மாகாண சபைக்குத் தந்துவிட்டதால், இங்கே திருகோணமலையில் சபைக் கட்டட வாசலில் நிற்கும் பாதுகாப்பு ஊழியர்களும் பொலிஸ்போல ஆளைப் பிடித்து வைத்து விசாரிக்கலாம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் பகிர்ந்தும் விட்டார்கள். அது அப்படி இல்லை அண்ணே. 1987இல் வந்த அந்தத் திருத்தம் பேசுவது மாகாணப் பொலிஸ் பிரிவு ஒன்றைப் பற்றி, அதற்குத் தலைமை ஒரு பிரதிப் பொலிஸ்மா அதிபர். சபையின் காவலாளிகளைப் பற்றி அதில் எதுவுமே கிடையாது. அதோடு அந்தப் பிரிவே இன்றுவரை எந்த மாகாணத்திலும் அமைக்கப்படவில்லை (அது ஏன் என்பது பெரிய சண்டை, இங்கே வேண்டாம்). கண்முன்னே பாரிய குற்றம் செய்பவரைப் பிடித்து உடனே பொலிஸில் ஒப்படைக்கலாம்தான், ஆனால் அது உங்களுக்கும் எனக்கும்கூட உள்ள உரிமை, தனி அதிகாரம் அல்ல.

சந்தேகமென்றால் பாராளுமன்ற இணையத்தளத்தில் அரசியலமைப்பு தமிழிலேயே இருக்கிறது, இறக்கி ஒன்பதாம் அட்டவணைக்குப் போங்கள், மாகாண சபை நிரலின் முதல் விடயமே பொலிஸ்தான், விவரம் முதலாம் பின்னிணைப்பில் இருக்கிறது. சில பக்கம்தான், வாசித்துவிட்டுப் பகிருங்கள்.